மின்சாரக் கட்டணமும் நாளைய தேவையும்

மும்பையில் வசிக்கும் தமிழ்க் குடும்பம் ஒன்று கோடை விடுமுறைக்கு வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்கு வந்து திரும்புகிறது. ஒரு விளக்கும் எரியாத அம்மாதத்துக்கும் மின்சாரப் பில் வந்து காத்திருக்கிறது. வாங்காத பண்டத்துக்கு விலையா என்று கேட்கத் தோன்றும். கேள்வி நியாயமானதே. விடை காண, மின்சார விநியோகத்தின் தன்மையைச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும்.

நாம் செலுத்தும் கட்டணத்தில் இருவகைச் செலவுகள் கலந்துள்ளன. ஒன்று, மின்சாரத்தின் விலை; இது நாம் செலவிடும் யூனிட்டுகளுக்கு ஏற்பக் கூடும், குறையும். மற்றொன்று, கம்பிகள், கேபிள்கள், துணை நிலையங்கள், டிரான்ஸ்பார்மர்கள் ஆகியவற்றை அமைத்துக் காப்பதற்கான செலவு. நாம் விளக்கை அணைத்துவிடுவதால் இச்செலவு குறைந்துவிடாது.

இதன் விளைவுகளைத் தலைநகர் தில்லியின் அனுபவம் தெளிவாகக் காட்டும். 2024 ஜூன் 19 அன்று, கடும் வெப்பத்தில், அந்நகரின் மின்தேவை 8,656 மெகாவாட்டை எட்டியது. ஆண்டில் சில மணி நேரமே நிலவும் அந்த உச்சத்தைத் தாங்கும்படியே கம்பிகளும் டிரான்ஸ்பார்மர்களும் அமைய வேண்டும். ஆனால் அடுத்த ஆண்டு வெயில் எப்படி இருக்கும், எத்தனை வீடுகளில் குளிர்சாதனம் ஏறும், எத்தனை கூரைகளில் சூரியத் தகடு முளைக்கும் என்பதை யாரும் திட்டமாகக் கூற இயலாது.

ஒரு தெருவுக்கு இரண்டு நிறுவனங்கள் தனித்தனியே கம்பி இழுப்பது வீண் செலவு. ஆகவே விநியோகம் பெரும்பாலும் ஏகபோகமாகவே அமைகிறது. போட்டி இல்லாத இடத்தில் விலைக்குக் கடிவாளமிட ஒருவர் வேண்டும். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின்படி அப்பொறுப்பு மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையங்களுடையது. நிறுவனத்தின் நியாயமான செலவு, வரும் ஆண்டின் விற்பனை ஆகிய இரண்டையும் மதிப்பிட்டு ஆணையம் கட்டணத்தை நிர்ணயிக்கிறது.

இம்மதிப்பீடு தவறினால் என்ன நேரும்? ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். கம்பிச் செலவு 1,000 ரூபாய். எதிர்பார்க்கும் விற்பனை 500 யூனிட் என்று கொள்வோம். யூனிட்டுக்கு 2 ரூபாய் விதித்தால் போதும். விற்பனை 400 யூனிட்டாகக் குறைந்தால் 200 ரூபாய் துண்டு விழும். 600 ஆக உயர்ந்தால் 200 ரூபாய் மிஞ்சும். குறைவை ஈடுகட்ட யூனிட் விலையை ஏற்றினாலோ, வசதியுள்ளோர் சூரியத் தகடு பொருத்திக்கொண்டு மின்சாரம் வாங்குவதைக் குறைத்துக்கொள்வர். எஞ்சியவர் மேல் பாரம் மேலும் ஏறும்.

இத்தொல்லைக்கு ஒரு மாற்று, இணைப்புக்கு மாதந்தோறும் விதிக்கும் நிலைக்கட்டணம். பூட்டிய வீட்டுக்கும் பில் வருவது இதனால்தான். ஆனால் இதை உயர்த்தினால், சிறிதளவே செலவிடும் ஏழையும் சிக்கனக்காரரும் வருந்துவர். தில்லியில் 2018இல் 3 கிலோவாட் வீட்டு இணைப்புக்குக் கிலோவாட்டுக்கு 140 ரூபாய் வீதம் மாதம் 420 ரூபாய் விதிக்கப்பட்டது. 2019 ஆகஸ்டில் அதுவே 50 ரூபாய் வீதம் 150 ஆகக் குறைக்கப்பட்டது. அரசு தரும் மானியமும் செலவை ஒழிப்பதில்லை. செலுத்துபவரை மாற்றுகிறது, அவ்வளவே.

மதிப்பீட்டுக்கும் உண்மைக்கும் உள்ள வேற்றுமையைப் பின்னர் கணக்கிட்டு நேர் செய்வது ஆணையங்களின் வழக்கம். 2020இல் ஊரடங்கின்போது கடைகளும் அலுவலகங்களும் மூடப்பட்டு விற்பனை சரிந்ததைப் போன்ற நிலைமைகளுக்கு இவ்வழக்கம் இன்றியமையாதது. ஆண்டுதோறும் செய்தால் பாரம் சிறிதாக இருக்கும். ஆனால் கட்டண உயர்வை மக்கள் விரும்பார் என்று அஞ்சிக் குறைவைத் தள்ளிவைத்தால், அது வட்டியுடன் வளரும் கடனாகிறது.

தில்லியில் நேர்ந்தது இதுதான். மின்சாரக் கொள்முதல் விலை உயர்வு உள்ளிட்ட பல காரணங்களால் சேர்ந்த பற்றாக்குறையை வசூலிக்க 2012இல் 8 சதவிகிதக் கூடுதல் கட்டணம் விதிக்கப்பட்டது. ஆயினும் 2024 மார்ச் 31இல் மூன்று விநியோக நிறுவனங்களுக்கும் வரவேண்டியிருந்த நிலுவை 27,200 கோடி ரூபாய். 2025 ஆகஸ்டு 6 அன்று உச்ச நீதிமன்றம், இத்தகைய நிலுவைகளைக் குறித்த காலத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று ஆணையங்களுக்குக் கட்டளையிட்டது.

பிழைப்பு நாடி வேற்று மாநிலம் செல்வோர்க்கு இதில் தனிப்பட்ட அக்கறை உண்டு. சென்ற ஆண்டு தில்லியில் குடியேறியவர், தாம் அங்கே வாழாத காலத்தின் பற்றாக்குறைக்கும் பங்கு செலுத்துகிறார். அன்று குறைந்த கட்டணத்தில் பயனடைந்து, பின்னர் ஊர் மாறிப் போனவரோ அக்கடனில் தம் பங்கைச் செலுத்துவதில்லை. தேவை நிச்சயமற்றது, அதனால் வரும் பாரம் எவர் தோளிலேனும் ஏறத்தான் செய்யும். அந்தந்த ஆண்டின் பாரத்தை அந்தந்த ஆண்டே பகிர்ந்துகொள்வதுதான் நேர்மை.

நாமும் வாளா இருக்க வேண்டியதில்லை. பில்லில் குறித்துள்ள கிலோவாட் அளவு நம் உண்மைத் தேவையைவிட மிகுதியாயின், குறைக்கும்படி விண்ணப்பிக்கலாம். கட்டணம் நிர்ணயிக்குமுன் பொதுமக்களின் கருத்துகளையும் ஆட்சேபங்களையும் ஆணையம் பரிசீலிக்க வேண்டும் என்பது சட்டம். வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பினும் இல்லாவிடினும், கட்டணம் செலுத்துவோர் எவரும் தம் கருத்தை எழுதி அனுப்பலாம். அவ்வுரிமையைப் பயன்படுத்துவது நமக்கும், நமக்குப் பின் அவ்வூருக்கு வருவோருக்கும் நன்மை தரும்.