மரடோனா கையெழுத்தும் காலர் லேபிளும்

தி.நகரில் இருக்கும் என் மச்சினன் போன மாதம் ஒரு ஃபிரேமைத் தூக்கிக்கொண்டு அடையாறு வீட்டுக்கு வந்தான். உள்ளே அர்ஜென்டினா ஜெர்சி, பத்தாம் எண், அதன் மேல் கறுப்பு மையில் மரடோனா கையெழுத்து. பின்பக்கம் ஒரு சான்றிதழ், அதில் மினுமினுக்கும் ஹாலோகிராம் ஸ்டிக்கர். சில வருஷம் முன்னால் இணையத்தில் 38,000 ரூபாய் கொடுத்து வாங்கியது. "மரடோனா போய்ச் சேர்ந்துட்டாரு. இப்ப ரெண்டு லட்சமாவது போகும் இல்ல மாமா? பொண்ணுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டணும்" என்றான்.

இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கிறுக்கு உண்டு என்பது குடும்பத்துக்கே தெரியும். அதனால்தான் என்னிடம் வந்தான்.

கையெழுத்து அசலா போலியா என்று கையெழுத்தை மட்டும் பார்த்துச் சொல்வது நாம் நினைப்பதைவிடக் கஷ்டம். ஒரே ஆட்டக்காரர் மேஜையில் உட்கார்ந்து போடுவது ஒரு மாதிரி இருக்கும், பஸ் ஜன்னல் வழியாகக் கை நீட்டிப் போடுவது வேறு மாதிரி இருக்கும். அதனால் நான் முதலில் பார்ப்பது பொருளையும் அதனுடன் வரும் கதையையும்தான். சான்றிதழ் "1990, நேப்பிள்ஸ்" என்றது. ஃபிரேமைப் பிரித்துக் காலருக்குள் இருந்த சலவை லேபிளைப் பார்த்தேன். பொடி எழுத்தில் ஒரு வெப்சைட் முகவரி! வெப் என்பதே பொதுமக்களுக்கு வந்தது 1991இல். பத்து நிமிஷத்தில் கதை முடிந்தது.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. ரிச்சி தெருவில் வாங்கிய பத்து மடங்கு லென்ஸை எடுத்தேன். மார்க்கரால் துணியில் எழுதினால் மை நூலோடு ஊறும். பேனா நின்ற இடத்தில் கொஞ்சம் பரவும், கோடுகள் குறுக்கே போகும் இடத்தில் அடர்த்தி கூடும். இதில் மை ஒரே சீராக, துணி மேல் ஒட்டிய படலம் மாதிரி இருந்தது. இன்னொரு விற்பனையாளரின் படத்தில் இதே கையெழுத்து கிடைத்தது. இரண்டையும் கணினியில் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தேன், அச்சு அசலாகப் பொருந்தியது. பேங்கில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று செக்கைத் திருப்புவார்கள். இங்கே நேர் எதிர். எந்த மனுஷனும் இரண்டு தடவை இம்மி பிசகாமல் ஒரே மாதிரி போட மாட்டான்.

"சர்டிஃபிகேட் இருக்கே மாமா?" சான்றிதழும் அச்சடித்த காகிதம்தானே. 1990களில் அமெரிக்க எஃப்.பி.ஐ. 'ஆபரேஷன் புல்பென்' என்ற பெயரில் போலிக் கையெழுத்துக் கும்பலைப் பிடித்தபோது, அன்னை தெரசா கையெழுத்திட்ட பேஸ்பால் பந்துகள்கூடச் சிக்கின. பொய்ச் சான்றிதழ் தருவதும் அந்தத் தொழிலின் ஒரு பகுதி.

அசல் எப்படி நிரூபிக்கப்படுகிறது என்பதற்கும் மரடோனாவே உதாரணம். 1986 ஜூன் 22, மெக்சிகோவின் அஸ்டெகா மைதானம். இங்கிலாந்துக்கு எதிராகக் கையால் ஒரு கோல், காலால் ஒரு கோல். ஆட்டம் முடிந்ததும் இங்கிலாந்தின் ஸ்டீவ் ஹாட்ஜ் அவரோடு சட்டை மாற்றிக்கொண்டார். அந்தச் சட்டை பல வருஷம் இங்கிலாந்தின் தேசியக் கால்பந்து அருங்காட்சியகத்தில் இருந்துவிட்டு, 2022 மே மாதம் சதபீஸ் ஏலத்தில் சுமார் 71 லட்சம் பவுண்டுக்குப் போனது. அது முதல் பாதியில் போட்ட சட்டை, கோல் அடித்தபோது போட்டது இல்லை என்று மரடோனா குடும்பம் சொன்னது. ஏலக்காரர்கள் பழைய போட்டோக்களோடு ஒப்பிட்டு இதுதான் என்றார்கள். அதற்கு உதவியது ஒரு அவசர வேலை. அந்த ஆட்டத்துக்காகவே மெக்சிகோ சிட்டி கடையில் மெல்லிய சட்டைகளை வாங்கி, முந்தின நாள் கையாலேயே சின்னமும் வெள்ளி நிற எண்ணும் பொருத்தியிருந்தார்கள். அதனால் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசம்.

நம்ம ஊருக்கு வருவோம். 2014இல் ஐ.எஸ்.எல். தொடங்கியபோது சென்னையின் எஃப்சிக்கு மட்டெராஸி பயிற்சியாளராகவும் ஆட்டக்காரராகவும் வந்தார். 2006 உலகக் கோப்பை இறுதியில் ஜிடான் தலையால் முட்டினாரே, அவரேதான். நெஸ்டா வந்தார். எலானோ 8 கோல் அடித்துத் தங்கக் காலணி வாங்கினார். நேரு ஸ்டேடியத்தில் கம்பி மேல் சாய்ந்து நான் ஒரு ஜெர்சியில் நான்கு கையெழுத்து வாங்கினேன். எலானோ போடும்போது என் மனைவி போனில் எடுத்த படம் இருக்கிறது. மட்டெராஸிக்கு அவசரத்தில் என் ஜெல் பேனாவைக் கொடுத்தேன்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தள பீரோ முழுகியது. (அந்த வருஷம் அணியின் சொந்த மண் அரையிறுதியே புனேவுக்கு மாறியது. பிறகு கோவாவை 3-2 என வென்று கோப்பையும் வந்தது.) மார்க்கர் கையெழுத்துகள் தப்பின. மட்டெராஸி ஒரு நீல மேகமாகக் கரைந்துவிட்டார். மிச்சமிருக்கும் ஒன்று யாருடையது என்று இன்றுவரை தெரியவில்லை, அன்றைக்கே எழுதி வைக்கவில்லை. இப்போது ஜெர்சியைப் பழைய வெள்ளை வேட்டியில் சுற்றி, வெயில் படாமல் மேல் தட்டில் வைத்திருக்கிறேன். அம்மா பட்டுப்புடவை வைக்கும் முறைதான்.

மயிலாப்பூர் லஸ் பக்கம் பழைய புத்தகக் கடைகளில் நான் தேடுவது வேறு. 1960 ரோம் ஒலிம்பிக்ஸில் ஆடிய இந்திய அணியின் கையெழுத்திட்ட புகைப்படம். நம்ம சைமன் சுந்தரராஜ் பெருவுக்கு எதிராக அடித்த கோல்தான் ஒலிம்பிக்ஸில் இந்தியாவின் கடைசிக் கோல். அப்படி ஒன்று கிடைத்து, கையெழுத்து ஷார்பி மாதிரி தடித்த மார்க்கரில் இருந்தால் உஷாராகிவிடுவேன். ஷார்பி வந்தது 1964இல். பிற்பாடு வாங்கிய கையெழுத்தாக இருக்கலாம், தப்பில்லை. ஆனால் "ரோமிலேயே வாங்கினது" என்று விற்பவர் சொன்னால் நடையைக் கட்ட வேண்டியதுதான்.

மச்சினன் கொஞ்ச நேரம் பேசவில்லை. விற்ற சைட்டைத் தேடினோம், அதுவே இல்லை. "வேற யார்கிட்டயாவது தள்ளிடலாமா?" என்று கேட்டான், உடனே அவனே தலையாட்டிக்கொண்டான். ஃபீஸுக்குப் பாதி நான் தருகிறேன் என்றேன். கிளம்பும்போது, "அக்காகிட்ட முப்பத்தெட்டாயிரம்னு மட்டும் சொல்லிடாதீங்க மாமா" என்றான்.