நடந்தால் மட்டும் போதாது, நிற்கவும் பழக வேண்டும்

நான் டாக்டர் இல்லை, பிசியோதெரபிஸ்டும் இல்லை. டிப்ளமோ படித்துவிட்டு, ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் 36 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது மாதாப்பூரில் மகன் வீட்டில் வாசம். இரண்டு வருடத்துக்கு முன்னால் கீழே விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு நான் தெரிந்துகொண்டதை, என் வயதுக்காரர்களுக்கும் அவர்களைப் பெற்றோராக வைத்திருக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லலாம் என்றுதான் எழுதுகிறேன்.

விழுந்த கதையைச் சொல்லவே வெட்கம். பாத்ரூமில் வழுக்கவில்லை, படியில் தடுக்கவில்லை. காலையில் வாக்கிங் கிளம்புவதற்காக நின்றபடியே பேண்ட்டுக்குள் ஒரு காலை நுழைத்தேன். ஊன்றிய கால் ஆடியது. அவ்வளவுதான், அடுத்த நொடி கையை ஊன்றியபடி தரையில் கிடந்தேன். துர்கம் செருவு ஏரிக்கரையில் தினமும் 4 கிலோமீட்டர் நடக்கிறவனாயிற்றே, நமக்கென்ன என்ற கர்வம் உள்ளூர இருந்தது. அது அன்றோடு போயிற்று.

கட்டுப் பிரித்த பிறகு, கைக்குப் பயிற்சி கொடுக்க ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண் வந்தாள். மூன்றாம் நாள், "கை இருக்கட்டும் அங்கிள், விழுந்தது எப்படி?" என்று கேட்டாள். சொன்னேன். சமையல் மேடைக்குப் பக்கத்தில் நிறுத்தி, ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னாள். 4 வினாடிதான் நின்றேன். "தினமும் நடக்கிறேனே அம்மா" என்றேன். "நடப்பது நல்லதுதான். ஆனால் நடந்தால் நடக்கத்தான் வரும், நிற்க வராது" என்றாள்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. பேத்தியை உட்காரவைத்துக் கம்ப்யூட்டரில் தேடினேன். அந்தப் பெண் சொன்னது சரிதான். 2019-ல் காக்ரேன் என்ற அமைப்பு 108 ஆய்வுகளை, அதாவது 23 ஆயிரத்துக்கும் மேற்பட்ட முதியவர்களின் விவரத்தை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்திருக்கிறது. உடற்பயிற்சி செய்தவர்கள் விழுவது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. அந்தப் பலன் முக்கியமாக வந்தது, நிலை தடுமாறாமல் நிற்கவும் திரும்பவும் எழுந்திருக்கவும் பழக்கும் பயிற்சிகளிலிருந்து. வெறும் நடையால் விழுவது குறையும் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. எங்கள் அடுக்குமாடி வளாகத்தை வலம் வரும் பெரியவர்கள் கூட்டத்தில் இதைச் சொன்னபோது என்னை எல்லோரும் விரோதியைப் போலப் பார்த்தார்கள். வாக்கிங்கை விடச் சொல்லவில்லை ஐயா, இன்னொன்றையும் சேர்க்கச் சொல்கிறேன்.

நாம் நிமிர்ந்து நிற்பதே ஒரு பெரிய வேலை. மூளை என்கிற கண்ட்ரோல் ஆபீஸுக்கு மூன்று இடங்களிலிருந்து ஓயாமல் தகவல் போகிறது. ஒன்று கண். இரண்டாவது உள்காது. அங்கே திரவம் நிரம்பிய மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் அவை சொல்லிவிடும். மூன்றாவது உள்ளங்காலும் கணுக்கால், முழங்கால் மூட்டுகளும். இந்த மூன்றில் ஒன்று கெட்டால் மற்ற இரண்டும் சமாளிக்கும். இரண்டு கெட்டால்தான் ஆபத்து. நம்மவர்களில் பலருக்குச் சர்க்கரை வியாதி. வருடக்கணக்கில் அது இருந்தால் பாதத்தின் உணர்ச்சி மங்குகிறது. அப்படிப்பட்டவர் இரவு விளக்குப் போடாமல் பாத்ரூம் போனால் கண்ணும் இல்லை, காலும் இல்லை. காது ஒன்றை நம்பி நடக்கிறார். சீயக்காய் தேய்த்துக்கொண்டு கண்ணை மூடி நிற்கும்போதும் அதே கதைதான்.

தகவல் சரியாக வந்தாலும் உத்தரவை நிறைவேற்றக் காலில் வலு வேண்டும். தடுக்கினால் சட்டென்று ஒரு காலை முன்னால் போட்டுச் சமாளிக்கிறோமே, அதற்கு வேகமாகச் சுருங்கும் தசை நார்கள் தேவை. வயதாக ஆக முதலில் மெலிவது அவைதான்.

பழகினால் இதெல்லாம் வருமா என்று கேட்பவர்களுக்கு எங்கள் டிராலிமேன்களைச் சொல்வேன். தண்டவாளத்தைச் சோதிக்க இன்ஸ்பெக்டர் டிராலியில் உட்கார்ந்திருப்பார். பின்னால் ஆட்கள் தண்டவாளத்தின் மேலேயே ஓடிக்கொண்டு தள்ளுவார்கள். தண்டவாளத்தின் தலை அகலம் சுமார் 7 சென்டிமீட்டர்தான். புதிதாக வந்தவன் முதலில் நாலடிக்கு ஒருமுறை கீழே இறங்குவான். சில மாதத்தில் பீடியைக் கடித்துக்கொண்டு ஓடுவான். யாரும் பிறக்கும்போதே அதைக் கற்றுக்கொண்டு வரவில்லை. நானும் இளவயதில் அப்படி நடந்து காட்டியவன்தான். விட்டுவிட்டேன், போய்விட்டது.

அந்தப் பெண் எனக்குக் கொடுத்த பயிற்சிகள் இவை. எல்லாமே சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு செய்யலாம். குதிகாலைத் தூக்கி முன்பாதத்தில் நிற்பது, பிறகு முன்பாதத்தைத் தூக்கிக் குதிகாலில் நிற்பது. ஒரு பாதத்தின் விரல் நுனியில் மறு பாதத்தின் குதிகால் படும்படி ஒரே கோட்டில் 10 வினாடி நிற்பது, பழகியதும் அப்படியே நடப்பது. மேடையை ஒட்டிப் பக்கவாட்டில் நடப்பது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து, தொப்பென்று விழாமல் மெல்ல உட்காருவது. (இதைப் பத்துத் தடவை செய்தால் தொடை பேசும்.) கடைசியில் ஒற்றைக் கால். முதல் வாரம் இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும், பிறகு ஒரு கை, பிறகு இரண்டு விரல். சுலபமாகிவிட்டால் பலன் நின்றுவிடும், கொஞ்சம் ஆட்டம் காணும் அளவுக்குக் கடினமாக இருக்க வேண்டும் என்பது அவள் கட்டளை. ஆனால் பிடிமானம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தே தீர வேண்டும். "மெல்லகா, மெல்லகா" என்று அவள் தெலுங்கில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

இது ஏதோ வீட்டு வைத்தியம் இல்லை. நியூசிலாந்தில் ஒடாகோ பல்கலைக்கழகத்தார் 80 வயதைத் தாண்டிய 233 பெண்களை வைத்து இப்படிப்பட்ட பயிற்சியைச் சோதித்து 1997-ல் வெளியிட்டார்கள். பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே போய்க் கற்றுக்கொடுத்தார். ஒரு வருடத்தில் பயிற்சி செய்யாத பாதிப் பேர் 152 தடவை விழுந்தார்கள், செய்த பாதிப் பேர் 88 தடவை. வாரத்தில் மூன்று நாள், அரைமணி நேரம், அவ்வளவுதான் செலவு.

மயக்கம், படுக்கையில் புரண்டால் உலகமே சுற்றுவது, எழுந்ததும் கண் இருட்டுவது இருந்தால் பயிற்சிக்கு முன்னால் டாக்டரைப் பாருங்கள். உள்காதில் துகள் இடம் மாறியிருந்தால் தலையைத் திருப்பித் திருப்பியே பிசியோதெரபிஸ்ட் சரிசெய்துவிடுவார். தூக்க மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை, புராஸ்டேட் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சீட்டைக் கையோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள்.

இனி மனத்தை உறுத்தும் விஷயம். எனக்கு மூத்தவர் ஒருவர், பொங்கல் விழாவுக்கு முதல் ஆளாக வந்து பெஞ்சு போடுகிறவர், ஒருநாள் வீட்டில் விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் பிள்ளையும் மருமகளும் பயந்துபோனார்கள். "நீங்கள் எழுந்திருக்காதீர்கள் அப்பா, காபி, பேப்பர் எல்லாம் இடத்துக்கே வரும்" என்றார்கள். பாசம்தான், குறை சொல்ல முடியாது. அவருக்கும் பயம். ஒரு வருடத்தில் நாற்காலியிலிருந்து இரண்டு பேர் தூக்கிவிட வேண்டியதாயிற்று. அவரை முடக்கியது விழுந்தது அல்ல, அதற்குப் பிறகு உட்காரவைத்தது.

எதிர்ப்பக்கத்துக்கு நம் ஊரிலேயே எல்லோரும் பார்த்த உதாரணம் உண்டு. கே. சந்திரசேகர ராவ் முதல்வர் பதவியை விட்டு இறங்கிய சில நாளில், 2023 டிசம்பர் 7 இரவு, எர்ரவல்லி பண்ணை வீட்டில் விழுந்து இடது இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். அப்போது வயது 69. மறுநாள் சோமாஜிகூடா யசோதா மருத்துவமனையில் மூட்டு மாற்று அறுவை நடந்தது. அதற்கு அடுத்த நாளே வாக்கரைக் கொடுத்து நடக்கவைத்தார்கள். 2024 பிப்ரவரி 1-ஆம் தேதி கைத்தடியுடன் வந்து எம்.எல்.ஏ.வாகப் பதவிப் பிரமாணம் எடுத்தார். இடுப்பில் புது மூட்டு வைத்தவரையே மறுநாள் நிறுத்துகிறார்கள் என்றால், எலும்பு முறியாதவரை நாம் ஏன் உட்காரவைக்கிறோம்?

விழுந்தால் எழுந்திருக்கவும் பழகிக்கொள்ள வேண்டும். உடனே துள்ளி எழக் கூடாது. வலி எங்கே என்று பார்த்து, இடுப்பிலோ முதுகிலோ கடுமையாக இருந்தால் அசையாமல் ஆளைக் கூப்பிட வேண்டும். இல்லையென்றால் ஒருக்களித்து, முட்டி போட்டு, நாற்காலிவரை தவழ்ந்து, அதன்மேல் கைகளை ஊன்றி, வலுவான காலை முன்னால் வைத்து எழுந்து, திரும்பி உட்கார வேண்டும். என் மனைவிக்கு இந்தப் பாடமே தேவைப்படவில்லை. தினமும் குனிந்து கோலம் போட்டு, கையை ஊன்றாமல் எழுந்திருக்கிறாள். சோபாவுக்கும் டைனிங் டேபிளுக்கும் மாறியவன் நான்தானே.

வீட்டைப் பற்றி ஒன்றே ஒன்று. பாத்ரூமில் துண்டு போடும் கம்பியைப் பிடிக்காதீர்கள். அது இரண்டு சின்ன திருகாணியில் தொங்குகிறது. ஆள் எடையைத் தாங்கும் கைப்பிடி வேண்டுமென்றால் சுவருக்குள் ஆங்கர் போல்ட் போட்டு இறக்க வேண்டும். கொத்தனார் "போதும் சார்" என்பார். போதாது.

உங்கள் நிலையை நீங்களே அளக்கலாம். 60 சென்டிமீட்டர் தரைக்கல் ஐந்து சேர்ந்தால் 3 மீட்டர். நாற்காலியிலிருந்து எழுந்து, ஐந்து கல் தூரம் வழக்கமான நடையில் போய், திரும்பி வந்து உட்கார வேண்டும். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் பிசியோதெரபிஸ்டைப் பார்ப்பது நல்லது. நான் இப்போது 9 வினாடி. ஒற்றைக் காலில் வலது 21, இடது 13. இடது இன்னும் தகராறு செய்கிறது. அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஸ்டாப் வாட்சும் சாக்பீஸும் கொண்டுவருகிறேன். கைப்பிடி இல்லாத நாற்காலி ஹாலிலேயே இருக்கிறது. சாப்பாட்டுக்கு அரைமணி முன்னதாக வாருங்கள்.