தோல் நோய் மருந்தும் சிறுநீரகமும்



நான் தருமபுரி மாவட்டத்தில் தலைமையாசிரியனாய் இருந்த நாளில், ஓராண்டு மாணவர் விடுதியிற் சிரங்கு பரவியது. ஒரு பாயில் இருவர் மூவராய் உறங்குமிடத்தில் அது வியப்பன்று. பென்னாகரம் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்த ஆறாம் வகுப்புச் சிறுவன் ஒருவனுக்கு விரலிடுக்குகளிலும் இடுப்பிலும் சீழ்க்கொப்புளங்கள் கிளம்பியிருந்தன. சந்தையிலே பெயர்ச்சீட்டு இல்லாத டப்பியில் விற்ற ஒரு களிம்பை அவன் தந்தையார் வாங்கிவந்து தடவினார். ஏறத்தாழ மூன்று வாரம் சென்றது. ஒரு நாள் காலையில் சிறுவனின் முகம் அதைத்து, கண்ணிமைகள் வீங்கியிருந்தன. சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில், மிகக் குறைவாகவே இறங்கிற்று.

"களிம்புதானுங்க ஐயா பையனைக் கெடுத்துப்போட்டது" என்று தந்தையார் அழுதார். நானும் அவ்வாறே எண்ணினேன். மருத்துவரோ ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

தோலைப் பற்றிய ஒட்டுயிரை ஒழிக்கத் தரும் மருந்து சிறுநீரகத்தைத் தாக்குமா? தாக்கும். அதற்கு ஐயமற்ற சான்று சிரங்கில் அன்று, வேறொரு நோயில் உள்ளது. அதன் வரலாற்றில் நம் சென்னைக்கும் பங்குண்டு.

காலா அசார் என்னும் கருங்காய்ச்சல், மணல் ஈ கடிப்பதால் வருவது. நெடுநாட் காய்ச்சலும், மண்ணீரல் வீக்கமும், உடல் மெலிவும் அதன் குறிகள். டம்டம் நகரிலிருந்து திரும்பி இங்கிலாந்தில் இறந்த ஒரு படைவீரனின் மண்ணீரலில் லீஷ்மன் என்பவர் 1900-இல் சில நுண்ணிய உருக்களைக் கண்டு, 1903-இல் அச்செய்தியை வெளியிட்டார். அதே 1903-இல், சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய சார்லஸ் டோனவன் அவ்வுருக்களையே தம் நோயாளிகளின் மண்ணீரலிற் கண்டார். உயிரோடிருந்த நோயாளியிடமும் கண்டமை அவர் கண்டுபிடிப்பின் சிறப்பு. இருவர் பெயரையும் இணைத்து அவ்வொட்டுயிருக்கு லீஷ்மேனியா டோனவனி என்று பெயரிட்டவர் ரொனால்டு ராஸ். சென்னையிலும் அக்காலத்தில் இந்நோய் இருந்தது என்பதை நம் மாணவர் பலர் அறியார். பிற்காலத்தில் அது பெரும்பாலும் பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்காளம், உத்தரப்பிரதேசத்தின் கிழக்குப் பகுதி ஆகியவற்றின் நோயாயிற்று.

கல்கத்தாவில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி, ஆன்டிமனி என்னும் உலோகத்திலிருந்து யூரியா ஸ்டிபமைன் என்ற மருந்தை ஆக்கி, எண்ணற்ற உயிர்களைக் காத்தார். வசதியற்ற சிறிய அறையிலே அவர் செய்த தொண்டு அது. காய்ச்சல் தீர்ந்தோர் சிலருக்குப் பின்னர் முகத்திலும் உடலிலும் வெளிறிய புள்ளிகளும் முடிச்சுகளும் தோன்றுவதை 1922-இல் எடுத்துரைத்தவரும் அவரே. மண்ணீரல் முதலிய உள்ளுறுப்புகளை விட்டகன்ற ஒட்டுயிர் தோலில் குடியேறியிருந்தது!

இத்தோல் நோயில் ஓர் இக்கட்டு உண்டு. நோயாளிக்குக் காய்ச்சல் இல்லை, வலி இல்லை. அவர் வயலுக்குச் செல்வார், சந்தைக்குச் செல்வார். ஆனால் அவரைக் கடித்த மணல் ஈ அடுத்த வீட்டுக் குழந்தைக்குக் கருங்காய்ச்சலைக் கொண்டுபோகக்கூடும். ஆகவே, தமக்குப் பெருந்துன்பம் இல்லாத ஒருவர் ஊர் நலம் கருதி நெடுங்கால மருத்துவம் ஏற்க வேண்டியவராகிறார். அம்மருத்துவம் அவருடைய சிறுநீரகத்திற்கே ஊறு செய்யுமாயின்? ஆன்டிமனி பெரும்பாலும் சிறுநீர் வழியே வெளியேறுவது. இதயத்தையும் கணையத்தையும் அது தாக்குவது மிகுதி, சிறுநீரகத்தையும் விட்டுவைப்பதில்லை. பீகாரில் ஆன்டிமனிக்கு ஒட்டுயிர் அடங்காமற் போகவே, ஆம்ஃபோடெரிசின்-பி முன்னுக்கு வந்தது. தோல் நோய்க்கு அதனை நான்கு மாத காலத்தில் 60 முதல் 80 முறை இரத்தக்குழாயில் ஏற்றும் முறை வகுக்கப்பட்டது.

இம்மருந்து எங்ஙனம் வேலை செய்கிறது என்பதைச் சற்று நின்று பார்ப்போம். லீஷ்மேனியாவின் உயிரணுச் சவ்வில் எர்கோஸ்டிரால் வகையைச் சேர்ந்த கொழுப்புப் பொருள் உண்டு. மருந்து அதனைப் பற்றிக்கொண்டு சவ்வைத் துளையிடும். உள்ளிருக்கும் உப்புகள் ஒழுகி ஒட்டுயிர் மடியும். நம் உயிரணுச் சவ்விலோ கொலஸ்டிரால் இருக்கிறது. இரண்டும் ஒரே குடும்பத்துப் பொருள்கள். மருந்து எர்கோஸ்டிராலையே மிகுதியும் நாடுமாயினும், கொலஸ்டிராலை அறவே ஒதுக்குவதில்லை. பகைவனை அடையாளம் கண்ட காவலன், பகைவனின் சாயலுள்ள வீட்டுக்காரனையும் அடித்துவிடுகிறான்.

அந்த அடி சிறுநீரகத்தில் விழுவதேன்? ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 இலட்சம் வடிகட்டிகள் உள்ளன. நாளொன்றுக்கு 180 லிட்டர் நீர் அவற்றின் வழியே வடிந்து, ஏறக்குறைய முழுவதும் மீண்டும் உறிஞ்சப்பட்டு, ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராய் வெளியேறுகிறது. ஆம்ஃபோடெரிசின் இவ்வடிகட்டிகளுக்கு இரத்தம் கொணரும் நுண்குழாய்களைச் சுருங்கச் செய்கிறது, வடிதல் குறைகிறது. உறிஞ்சும் நுண்குழல்களின் சவ்விலும் துளையிடுவதால், உடலுக்கு வேண்டிய பொட்டாசியமும் மக்னீசியமும் வீணே ஒழுகிப்போகின்றன. மருத்துவர் இரத்தத்தில் கிரியேட்டினின் அளவை அடிக்கடி பார்ப்பது இதற்காகவே. மருந்துக்கு முன் உப்புநீர் ஏற்றுவது கேட்டைக் குறைக்கும். காலத்தே மருந்தை நிறுத்தினால் பெரும்பாலோர்க்குச் சிறுநீரகம் தேறிவிடும்.

பின்னர் அறிஞர்கள் அம்மருந்தையே நுண்ணிய கொழுப்புக் குமிழிகளுக்குள் அடைத்தனர். சிறுநீரகத்தின்மேல் அதன் கை ஓங்குவது வெகுவாகக் குறைந்தது. முசாபர்பூரில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், எடைக்குக் கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம் ஒரே முறை ஏற்றியதில் கருங்காய்ச்சல் நோயாளிகளுள் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் குணமடைந்தனர். தோல் நோய்க்கு அத்துணைச் சுருக்கமான வழி இல்லை. மில்டெஃபோசின் என்னும் மாத்திரையை 12 வாரம் உண்ணும் முறை உண்டு; அது கண்ணைத் தாக்கக்கூடுமென்பதால் கண்ணையும் காத்துவர வேண்டும்.

இனி நம் விடுதிச் சிறுவனிடம் வருவோம். மருத்துவர் என்னை அமரச் செய்து சொன்னது இதுதான்: சிரங்குப் பூச்சி தோலைக் குடைகிறது, சிறுவன் சொறிகிறான், சொறிந்த புண்ணில் ஸ்டிரெப்டோகாக்கஸ் என்னும் நுண்கிருமி புகுகிறது. அக்கிருமியை எதிர்க்க உடல் ஆக்கும் பொருள்கள், கிருமியின் பகுதிகளோடு பிணைந்து, சிறுநீரக வடிகட்டிகளிற் படிந்து அழற்சியை உண்டாக்குகின்றன. இதற்கு மூன்று வாரம் போலப் பிடிக்கும். 1970-களின் தொடக்கத்தில் டிரினிடாட் தீவில் சிரங்கு பெருகியபோது சிறுநீரக அழற்சியும் உடன் பெருகிற்று. ஆகவே, நாட்கணக்குப்படி குற்றம் சிரங்கின்மேலேதான் சாய்கிறது; மருந்தின்மேலன்று.

"அப்படியாயின் களிம்பு நிரபராதியா?" என்று கேட்டேன்.

"பாதரசம் கலந்த களிம்பு சிறுநீரகத்தைக் கெடுக்கும். இந்த டப்பியில் என்ன இருக்கிறதென்று எழுதவில்லையே! எழுதாத பொருளை நான் எப்படி விடுதலை செய்வது?" என்றார் அவர்.

நம் மாவட்டத்தார்க்குச் சிறுநீரகம் அயலான பேச்சன்று. கிணற்று நீரில் ஃபுளூரைடு மிகுந்து பல்லும் எலும்பும் கெட்ட ஊர்கள் இங்குண்டு. உண்ட ஃபுளூரைடை வெளியேற்றுவதும் இதே உறுப்புத்தான். ஒருவன் சிறுநீரகம் தளர்ந்தால் அந்நஞ்சும் உடலில் மிகுதியாய்த் தங்கும். தந்தையாரிடம் இதை நான் சொன்னபோது அவர் தம் கறைபடிந்த பற்களைத் தொட்டுக் காட்டினார்.

சிறுவனுக்குப் பென்சிலின் கொடுத்தார்கள், உப்பைக் குறைத்தார்கள், நாள்தோறும் சிறுநீரை அளந்தார்கள். பத்து நாட்களில் வீக்கம் வடிந்தது. அதற்குள் விடுதி மாணவர் அனைவர்க்கும் ஒரே இரவில் கழுத்து முதல் கால்வரை பென்சைல் பென்சோயேட் தடவி, பாய் விரிப்புகளையும் உடைகளையும் வெந்நீரில் அலசச் செய்தோம். ஒருவனுக்கு மட்டும் தடவினால் அடுத்த பாயிலிருந்து பூச்சி திரும்பி வந்துவிடும். மறுவாரமும் ஒரு முறை தடவினோம். அந்த டப்பியை மருத்துவர் தம் மேசையறையில் வைத்துப் பூட்டிக்கொண்டார்.