ரோலர் கோஸ்டர் ஆசனங்களும் பருத்த உடலமைப்புடையோரும்

2022ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் திகதி இரவு, அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலுள்ள ஒர்லாண்டோ நகரில் 14 வயதுச் சிறுவனொருவன் உயிரிழந்தான். ஐகோன் பார்க் என்னும் கேளிக்கை வளாகத்தில் 400 அடிக்கும் மேற்பட்ட உயரமுடைய கோபுரமொன்று இருந்தது. அதன் உச்சிக்கு ஏற்றப்பட்டு, ஆசனங்களோடு செங்குத்தாகக் கீழே விடப்படும் விளையாட்டிலேயே அவன் அமர்ந்திருந்தான். ஆசனம் நிலத்தை நெருங்கி வேகம் தணிந்தபோது, தோள்வழித் தடுப்புக்கும் ஆசனத்துக்கும் இடையே இருந்த இடைவெளியூடாக நழுவி வீழ்ந்தான். வயதுக்கு மீறிய வளர்ச்சியுடைய அச்சிறுவனின் எடை 170 கிலோவுக்கும் அதிகமாக இருந்தது. தயாரிப்பாளரின் கைந்நூலோ 130 கிலோவையே உச்ச எல்லையாகக் குறித்திருந்தது. வேறொரு விளையாட்டில் உடற்பருமனைக் காரணங்காட்டி அவன் முன்னதாகத் திருப்பியனுப்பப்பட்டிருந்தான் என்று அவனது தந்தை பின்னர் கூறினார்.

விசாரணையில் வெளிவந்த தகவல் இதனினும் கவலைக்குரியது. (அம்மாநிலத்தில் இத்தகைய விளையாட்டுகளைக் கண்காணிப்பது விவசாயத் திணைக்களம் என்பது விந்தையான செய்தி.) தடுப்பு போதியளவு இறங்கியுள்ளதா என்பதை அறியும் உணரி, அச்சிறுவன் அமர்ந்த ஆசனத்தில் கைகளால் மாற்றப்பட்டிருந்தது. வழமையாகச் சுமார் மூன்று அங்குல இடைவெளிக்கே இடமளிக்கும் உணரி, அந்த ஆசனத்தில் ஏறத்தாழ ஏழு அங்குலம் வரை அனுமதித்தது. பெரிய உடலினரையும் அமர்த்துவதற்காகச் செய்யப்பட்ட இந்தச் சலுகையினால், பாதுகாப்பு விளக்கு வழமைபோல் எரிந்தது. இயந்திரமும் இயங்கத் தொடங்கியது.

இது செங்குத்தாக வீழும் கோபுரமே அன்றி ரோலர் கோஸ்டர் அல்ல. ஆயினும் ஆசனமும் தடுப்பும் ஒரே இனத்தவை. எனவே பருத்த உடலினர் இத்தகைய ஆசனங்களில் அமரலாமா என்னும் வினாவுக்கு விடை காண, முதலில் தடுப்பு எவ்வாறு வேலை செய்கிறது என்பதை அறிதல் வேண்டும்.

தண்டவாளத்தின் ஏற்றமொன்றின் உச்சியைக் கடந்து பெட்டி கீழ்நோக்கித் திரும்பும்போது, அதிலிருப்பவரின் உடல் மேல்நோக்கியே செல்ல முனைகிறது. அடிவயிறு கூசும் அந்தக் கணத்துக்காகவே மக்கள் பணம் கொடுத்து ஏறுகின்றனர். அக்கணத்தில் உடலை ஆசனத்தில் நிறுத்துவது மடியின் மீது இறங்கும் தடுப்புக் கம்பியாகும். தொடையும் இடுப்பும் சந்திக்கும் மடிப்பில் கம்பி பதிந்தால், எலும்பை மீறி உடல் எழ முடியாது. பெருவயிறு உடையவரிடத்தில் கம்பி முதலில் வயிற்றைத் தொட்டு அங்கேயே நின்றுவிடுகிறது. பூட்டும் விழுந்துவிடுகிறது. பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகவே தோன்றும். ஆனால் வயிறு மென்மையான தசை. பெட்டி குலுங்குகையில் அது அமுங்கும், இடம் மாறும். தொடைக்கும் கம்பிக்கும் இடையிலுள்ள வெற்றிடம் அப்போதுதான் வெளிப்படும்.

ஆகவே எடை என்பது இங்கு இரண்டாம் பட்சமே. பல தொன் நிறையுள்ள வண்டித் தொடருக்கு ஒருவரின் மேலதிக 40 கிலோ ஒரு பொருட்டல்ல. உயர்ந்து பரந்த 120 கிலோ எடையாளர் இலகுவாக அமரக்கூடும். 95 கிலோவே உள்ள குள்ளமானவர் வயிற்றின் காரணமாக மறுக்கப்படலாம். பூங்காக்கள் பலவும் எடை எல்லையொன்றை அறிவிக்காது, உடலமைப்பைப் பொறுத்தது என்று மட்டும் எழுதி வைப்பதன் காரணம் இதுவே. தெற்காசியரிடம் குறைந்த எடையிலேயே வயிற்றில் கொழுப்புச் சேர்கிறது என்பதை மருத்துவ உலகம் அறியும். சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் ஐரோப்பிய ஆண்களுக்கு 94 சென்ரிமீற்றராக வகுத்த இடுப்பளவு எல்லையை எமக்கு 90 ஆகக் குறைத்திருப்பதும் அதனாலேயே. தராசு காட்டும் எண்ணை நம்பி வரிசையில் நிற்பவர்கள் இதனைக் கருத்திற் கொள்ளல் நன்று.

2013 ஜூலையில் டெக்ஸாஸ் மாநிலத்தின் ஆர்லிங்டன் நகரில், சிக்ஸ் ஃபிளாக்ஸ் பூங்காவின் 'டெக்ஸாஸ் ஜயன்ற்' ரோலர் கோஸ்டரிலிருந்து பெண்ணொருவர் வீழ்ந்து இறந்தார். இயந்திரக் கோளாறு எதுவும் காணப்படவில்லை எனப் பூங்கா அறிவித்தது. ஆயினும் அவ்வாண்டு செப்டெம்பரில் மீண்டும் திறக்கப்பட்டபோது, முன்னர் இல்லாத ஆசனப் பட்டிகள் பொருத்தப்பட்டிருந்தன. தடுப்புக் கம்பியின் மெத்தையும் மாற்றியமைக்கப்பட்டிருந்தது. கோளாறு இல்லாத ஒன்றுக்கு இத்தனை திருத்தம் எதற்கு என்று வாசகர் வினவினால் அது நியாயமான வினாவே.

இன்று பல ரோலர் கோஸ்டர்களில் காணப்படும் குறுகிய ஆசனப் பட்டி, பிடித்து வைப்பதற்கு மட்டுமன்றி அளவுகோலாகவும் பயன்படுகிறது. அதன் நீளம் மாறாது. கொளுவி பொருந்தினால், தடுப்பு போதியளவு இறங்கியுள்ளது என்பது உறுதி. பொருந்தாவிடின் பயணமில்லை. பணியாளர் கண்ணளவால் தீர்மானிக்கும் நிலை இதனால் தவிர்க்கப்படுகிறது. சில வண்டித் தொடர்களில் குறிப்பிட்ட வரிசைகளில் மட்டும் இரட்டைப் பட்டியுடன் கூடிய, சற்று அகன்ற ஆசனங்கள் உள்ளன. கேட்டால் பணியாளர் அங்கு அமர்த்துவர்; கேட்காதவருக்கு அது தெரிய வருவதில்லை.

ஆசனங்களைப் பெரிதாக்க முடியாது என்ற வாதமும் முழுமையாக ஏற்கத்தக்கதன்று. 2010இல் ஒர்லாண்டோவின் யுனிவர்சல் பூங்காவில் ஹரி பொட்டர் கதையைத் தழுவிய விளையாட்டு திறக்கப்பட்டபோது, பருத்த உடலினர் பலர் மணிக்கணக்கில் காத்திருந்து ஏமாற்றத்துடன் திரும்பினர். எதிர்ப்பு எழுந்ததும் சில ஆசனங்கள் திருத்தியமைக்கப்பட்டன. அதே நிறுவனம் 2023இல் ஹொலிவூட்டில் திறந்த 'மாரியோ கார்ட்' விளையாட்டில் 40 அங்குலத்துக்கு மேற்பட்ட இடுப்புடையோர் அமர முடியாது போகலாம் என அறிவித்தது. அது மெதுவாகச் செல்லும் வண்டி. அந்நாட்டு அரசின் கணிப்பின்படி 2015-2018 காலப்பகுதியில் அமெரிக்க ஆணின் சராசரி இடுப்பளவே 40.5 அங்குலம்! அவரது சராசரி எடை 1960களின் தொடக்கத்தில் 75 கிலோவாக இருந்து 90 கிலோவாக உயர்ந்துள்ளது. சராசரி மனிதனுக்கே இடமில்லாத ஆசனத்துக்கு அவனது உடலைக் குறைகூறுவது பொருத்தமற்றது.

அதேவேளை, ஏறியபின் மறுக்கப்படும் அவமானத்தைத் தவிர்க்கத் தடுப்பைத் தளர்த்துவது ஒர்லாண்டோவில் நடந்ததற்கே வழிவகுக்கும். அங்கு 30 ஆசனங்களுக்கும் பட்டி பொருத்த ஆசனமொன்றுக்கு 22 டொலரே செலவாகியிருக்கும் எனக் குடும்பத்தினரின் வழக்கறிஞர்கள் சுட்டிக்காட்டினர். 2024 டிசெம்பரில் நடுவர் குழு, ஒஸ்திரிய நாட்டுத் தயாரிப்பு நிறுவனம் பெற்றோருக்கு 310 மில்லியன் டொலர் செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. கோபுரம் 2023இல் அகற்றப்பட்டது. அச்சிறுவனின் பெயரையே தாங்கிய பாதுகாப்புச் சட்டமொன்றும் புளோரிடாவில் அதே ஆண்டு நிறைவேறியது.

எம்மவர் பெருந்தொகையாக வாழும் ரொறன்ரோவுக்கு வடக்கே உள்ள கனடாஸ் வொண்டர்லாண்ட் பூங்காவிலும் ஏனைய பெரும் பூங்காக்கள் பலவற்றிலும், வரிசை தொடங்கும் இடத்திலேயே பரீட்சார்த்த ஆசனமொன்று வைக்கப்படுவதுண்டு. அனைவரும் பார்க்கும் இடத்தில் அது இருப்பதால் பலர் கூச்சத்தினால் தவிர்க்கின்றனர். கூட்டம் குறைந்த காலை வேளையில் அதில் அமர்ந்து, முதுகு நன்கு பின்னே படிய, கம்பியைத் தொடை வரை இறக்கிப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும். அங்கு பொருந்தாதவர் இரண்டு மணிநேரம் வரிசையில் நின்ற பின்னரும் பொருந்தப் போவதில்லை.