வீட்டு முகவரியா, அலுவலக முகவரியா? ஷிப்பிங் கட்டணம் மாறும் ரகசியம்

அமெரிக்காவில் வசிக்கும் மகனுக்குப் பிறந்த நாள் பரிசு அனுப்ப விரும்புகிறீர்கள். அங்குள்ள ஓர் ஆன்லைன் ஸ்டோரிலேயே வாங்கி, நேராக அவர் வீட்டிற்கு அனுப்பச் சொல்லலாம் என்று கம்ப்யூட்டர் முன் அமர்கிறீர்கள். பொருளைத் தேர்ந்தெடுத்து, ஜிப் கோடு கொடுத்தவுடன் ஷிப்பிங் 9 டாலர் எனக் காட்டுகிறது. முழு முகவரியை டைப் செய்து அடுத்த பக்கம் சென்றால், அதுவே 14 டாலராகி விடுகிறது. ஏமாற்று வேலையோ எனச் சந்தேகம் வரும். பெரும்பாலும் அப்படி இல்லை. நீங்கள் தந்தது வீட்டு முகவரி என்பதே காரணமாக இருக்கலாம்.

வீடு என்றால் கூடுதல் கட்டணம்

அமெரிக்காவின் பெரிய தனியார் பார்சல் நிறுவனங்களான யுபிஎஸ், ஃபெடெக்ஸ் இரண்டும், வீடுகளுக்குக் கொண்டு செல்லும் பார்சலுக்குத் தனியாகக் கூடுதல் கட்டணம் வசூலிக்கின்றன. அலுவலகம் என்றால் ஒரே இடத்தில் பத்துப் பார்சல்களை இறக்கலாம். வாங்கி வைக்க ஆள் இருப்பார். வீடு என்றால் ஒரு பார்சலுக்காக ஒரு தெருவிற்குள் போக வேண்டும். கதவு பூட்டியிருந்தால் மறுபடியும் வர வேண்டும். அந்தச் செலவுதான் இப்படி வசூலாகிறது. ஃபெடெக்ஸ் 2000 ஆம் ஆண்டு வீடுகளுக்கென்றே 'ஹோம் டெலிவரி' என்ற தனிச் சேவையைத் தொடங்கியது. அரசின் தபால் துறையான யு.எஸ். போஸ்டல் சர்வீஸ் இப்படித் தனிக் கட்டணம் வாங்குவதில்லை.

நம் நாட்டு ஷாப்பிங் தளங்களும் வீடா, அலுவலகமா என்று கேட்பதுண்டு. அது பெரும்பாலும் எந்த நேரத்தில் பொருளைக் கொண்டு வருவது என்பதற்காக. அங்கே கேட்பது பணத்திற்காக.

ஜிப் கோடு மட்டும் போதாது

1963ல் அறிமுகமான 5 இலக்க ஜிப் கோடு, நம் பின் கோடு போல ஒரு பகுதியை மட்டுமே காட்டும். அந்தப் பகுதியில் வீடும் இருக்கும், வங்கியும் இருக்கும். கார்ட் பக்கத்தில் ஜிப் கோடு மட்டும் தரும்போது, தளம் ஏதாவது ஒன்றை ஊகித்துத்தான் கணக்குப் போட முடியும். அலுவலகம் என்று ஊகித்தால் தொகை குறைவாகத் தெரியும். முழு முகவரி கிடைத்தபின் உண்மை தெரிந்து, தொகை ஏறும்.

தளம் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, உங்களிடமே கேட்பது. 'இது வீட்டு முகவரி' என்று ஒரு சிறிய கட்டம் இருக்கும். அதில் டிக் செய்திட வேண்டும். இரண்டாவது, முகவரியைப் பார்சல் நிறுவனத்தின் கம்ப்யூட்டருக்கு அனுப்பிக் கேட்பது. யுபிஎஸ் கம்ப்யூட்டர், வணிக முகவரி, வீட்டு முகவரி, வகைப்படுத்தப்படாதது என மூன்றில் ஒரு பதிலைத் தரும். ஃபெடெக்ஸ் 'இரண்டும் கலந்தது' என்றும் பதில் தருவதுண்டு. கீழே கடை, மேலே குடியிருப்பு என்று கட்டடங்கள் இருக்கின்றன அல்லவா!

வீட்டிலேயே தொழில் நடத்துபவர் கம்பெனி பெயரை முகவரியில் எழுதினால் கட்டணம் குறையுமா? குறையாது. வீட்டிலிருந்து நடத்தும் தொழிலையும் இந்த நிறுவனங்கள் பொதுவாக வீடு என்றே கணக்கிடுகின்றன.

நஷ்டம் யாருக்கு?

கடைசியில் முடிவு செய்வது பார்சல் நிறுவனமே. கடைக்காரர் அலுவலகம் என்று நினைத்து அனுப்பிய பார்சல் வீட்டிற்குப் போயிருந்தால், வித்தியாசம் பின்னர் அவருடைய பில்லில் சேர்ந்து வரும். பொருள் வாங்கியவரிடம் மறுபடி போய்க் கேட்க முடியாது. ஒரு பார்சலுக்கு 5 டாலர் என்று வைத்துக் கொண்டால், மாதம் 100 பார்சலுக்கு 500 டாலர் நஷ்டம். சிறிய கடைக்கு இது லாபம் முழுவதையுமே விழுங்கிவிடும் தொகை.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

1. கார்ட் பக்கத்தில் வருவது மதிப்பீடுதான். பணம் செலுத்தும் முன் கடைசிப் பக்கத்தில் உள்ள மொத்தத் தொகையைப் பார்க்கவும்.

2. வீட்டு முகவரிக்கான கட்டம் இருந்தால் உண்மையைக் குறிப்பிடவும்.

3. அபார்ட்மெண்ட் எண்ணை விட்டுவிடாதீர்கள். தவறான முகவரியைத் திருத்துவதற்கும் பார்சல் நிறுவனங்கள் தனிக் கட்டணம் வாங்குகின்றன.

4. போஸ்டல் சர்வீஸ் மூலம் அனுப்பும் வசதி இருந்தால் அந்தக் கட்டணத்தையும் ஒப்பிடவும்.

5. பெறுபவர் தன் அலுவலகத்தில் அனுமதி உண்டு என்றால், அந்த முகவரியைத் தரலாம்.

நாளை நீங்களே ஆன்லைன் ஸ்டோர் ஒன்றை அமைத்து அமெரிக்க வாடிக்கையாளர்களுக்கு அங்கிருந்தே பொருள் அனுப்புவதாக இருந்தால், என் ஆலோசனை இதுதான். முகவரியின் வகை தெரியாதபோது வீடு என்றே கணக்கிடும்படி உங்கள் தளத்தை அமைத்திடுங்கள். முதலில் 14 டாலர் காட்டிப் பின்னர் 9 ஆகக் குறைந்தால் யாரும் கோபிக்க மாட்டார்கள். 9 காட்டிவிட்டு 14 கேட்டால், வாங்க வந்தவர் விண்டோவை மூடிவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார்.