வெப்பமறிந்து அடங்கும் வால்வு

வெயிலுக்கு அஞ்சி நிழலைத் தேடும் நாட்டிலே பிறந்தவர்க்கு, வீட்டைச் சூடாக்குவது என்னும் பேச்சே சற்றுப் புதுமையாகத் தோன்றும். நுவரெலியாவின் பழைய பங்களாக்களிலே கணப்பைக் கண்டவர் தவிர, ஏனையோர்க்கு அதன் தேவை எளிதில் விளங்காது. ஆயினும், 1983ஆம் ஆண்டின் பின்னர் இலங்கைத் தமிழர் பல்லாயிரவர் பிரித்தானியாவிலும் ஐரோப்பாவின் பிற நாடுகளிலும் குடியேறினர். அவர்களுட் பலருடைய பெற்றோரும் முதுமையிலே அங்கு சென்று வாழ்கின்றனர். ஆதலின், குளிர்நாட்டு வீடு எவ்வாறு சூடேற்றப்படுகின்றது என்பது ஊரிலுள்ளோர்க்கும் தொடர்பற்ற செய்தி அன்று. அத்தகைய வீடுகளிலே பழைய வால்வை அகற்றிப் புதியதொன்றைப் பொருத்துகின்ற ஒரு சிறு வேலையையும், அதனால் விளையும் பயனையும் இங்கே நோக்கலாம்.

பிரித்தானிய வீடுகளிலே அறைதோறும் நிலக்கரி எரித்த காலம் நெடிது. ஒரே கொதிகலத்தைக் கொண்டு வீடு முழுவதையும் சூடேற்றும் முறை, 1960களிலும் 1970களிலுமே பொதுமக்களின் இல்லங்களில் விரைந்து பரவியது. அதன் அமைப்பு எளியது. பெரும்பாலும் எரிவாயுவினால் இயங்கும் கொதிகலம் நீரைச் சூடாக்கும். ஒரு பம்பி அந்நீரைக் குழாய்களின் வழியே அறைதோறும் செலுத்தும். அறையிலே, பெரும்பாலும் யன்னலின் கீழ், உருக்குத் தகட்டாலாகிய தட்டையான கலம் ஒன்று சுவரை ஒட்டி நிற்கும். இதனையே றேடியேற்றர் என்பர். சுடுநீர் ஒருபுறத்தால் உட்புகுந்து, தன் வெப்பத்தை அறைக்கு ஈந்து, மறுபுறத்தால் வெளியேறி மீண்டும் கொதிகலத்தை அடையும்.

ஒவ்வொரு றேடியேற்றருக்கும் இரண்டு வால்வுகள் உண்டு. ஒன்று வீட்டார் கையால் திருப்புவது. மற்றது மூடியால் மறைக்கப்பட்டிருப்பது. அதனூடு எவ்வளவு நீர் ஓடவேண்டும் என்பதைத் தொழிலாளர் ஒருமுறை அமைத்துவிட்டுச் செல்வர். பழைய வீடுகளிலே கையால் திருப்பும் வால்வு சாதாரணத் தண்ணீர்க் குழாயின் திருகை ஒத்ததே. திறந்தால் நீர் ஓடும், மூடினால் நிற்கும். அறை போதிய அளவு சூடேறிவிட்டதா என்பதை அது அறியாது.

இதனால் விளையும் இடர் யாது? பல வீடுகளிலே கூடத்தின் சுவரில் வெப்பநிலைநிறுத்தி ஒன்று இருக்கும். அது தான் நிற்கும் இடத்தின் வெப்பத்தை மாத்திரமே அறியும். கூடம் சூடேறியதும் கொதிகலத்தை நிறுத்திவிடும். அவ்வேளை, தெற்கு நோக்கிய அறை வெயிலும் றேடியேற்றரும் சேர்ந்து புழுங்கிக்கொண்டிருக்கலாம். அங்கிருப்போர் யன்னலைத் திறந்து, பணம் கொடுத்துப் பெற்ற வெப்பத்தை வீதிக்கு அனுப்புவர். வடக்கு நோக்கிய படுக்கையறையோ இன்னும் குளிர்ந்தே கிடக்கும். அவ்வறையிலே ஊரிலிருந்து சென்ற வயது முதிர்ந்த தாய் ஒருவர் படுத்திருப்பாராயின், மகனுக்குச் செலவு ஏறுமே என்றெண்ணிப் போர்வையை இழுத்து மூடிக்கொள்வாரேயன்றி வாய்திறந்து சொல்லார். குளிர்நாட்டு வீட்டினுள்ளே வெப்பநிலை 18 பாகை செல்சியசிலும் குறையாதிருத்தல் நன்றென உலக சுகாதார நிறுவனம் 2018ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. முதியோர்க்கும் குழந்தைகட்கும் அதனினும் சற்று மிகுதியாக வேண்டப்படலாம். குளிர்ந்த அறையிலே குருதியழுத்தம் உயரும்; மூச்சுநோய் மிகும்; சுவரில் ஈரம் படிந்து பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே இது வசதியைப் பற்றிய செய்தி மாத்திரமன்று, உடல்நலத்தைப் பற்றியதுமாகும்.

இக்குறையை நீக்க வந்ததே வெப்பமறிந்து இயங்கும் வால்வு. டென்மார்க்கிலே, ஆல்ஸ் என்னும் தீவில், 1933ஆம் ஆண்டு டான்ஃபொஸ் நிறுவனத்தைத் தொடங்கிய மாட்ஸ் கிளவுசன் என்பார் 1943இல் இத்தகைய வால்வை வடிவமைத்தார். 1952ஆம் ஆண்டளவில் அது பெருந்தொகையாகச் செய்யப்படலாயிற்று. 1973இல் எண்ணெய் விலை ஏறியபோதும், 2022இல் உக்ரேன் போரையடுத்து ஐரோப்பாவில் எரிவாயு விலை உயர்ந்தபோதும், எரிபொருளைச் சிக்கனப்படுத்தும் வழிகளை மக்கள் நாடினர். அவ்வழிகளுள் இவ்வால்வும் ஒன்று.

அதன் இயக்கம் விந்தையானது. ஆனால் விளங்குதற்கு அரிதன்று. வால்வின் தலைப்பகுதியினுள்ளே ஒரு சிறு கூடு உண்டு. அதிலே மெழுகோ திரவமோ அடைக்கப்பட்டிருக்கும். அறைக் காற்று சூடேறும்போது அப்பொருள் விரிந்து, கீழேயுள்ள ஊசியை அழுத்தும். ஊசி இறங்க, நீர் செல்லும் துவாரம் சிறுகச் சிறுக மூடப்படும். அறை குளிரும்போது அப்பொருள் சுருங்கும். வில்லொன்று ஊசியை மேலே தள்ள, துவாரம் மீண்டும் திறக்கும். இதற்கு மின்சாரம் வேண்டியதில்லை. மின்கலத்தால் இயங்கி, நேரத்துக்கேற்ப வெப்பத்தை மாற்றும் வகையும் இந்நாளில் உண்டு.

தலைப்பகுதியிலே பெரும்பாலும் 1 முதல் 5 வரை இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 3 என்பது ஏறத்தாழ 20 பாகை. பனித்துகளின் உருவம், குழாய் நீர் உறைந்துபோகாது காக்கும் மிகக் குறைந்த நிலையைக் குறிக்கும். இலக்கத்தை 5இல் வைத்தால் அறை விரைவாகச் சூடேறும் எனப் பலர் நினைப்பர். அது தவறு. விரைவு மாறாது, எந்த அளவில் அடங்குவது என்பதே மாறும்.

இனி, வால்வை மாற்றும் முறை. முதலிலே கொதிகலத்தை நிறுத்தி, நீர் ஆறும்வரை காத்திருத்தல் வேண்டும். பின்னர், மேலேயுள்ள தொட்டியிலிருந்து நீர் வரும் அமைப்பாயின் அந்நீரைத் தடுத்து, மிகத் தாழ்ந்த இடத்திலுள்ள வடிகுழாய்த் திருகில் இறப்பர்க் குழாயைப் பொருத்தி நீரை வெளியேற்றுவர். நீரிலே கருநிறக் கசடு கலந்திருக்குமாதலின், தரைவிரிப்பைப் பாதுகாத்தல் அவசியம். அடுத்து, வால்வை றேடியேற்றரோடு பிணைக்கும் நட்டையும், குழாயோடு பிணைக்கும் நட்டையும் கழற்றல் வேண்டும். ஒரு சாவியால் நட்டைத் திருப்பும்போது, மற்றொரு சாவியால் வால்வின் உடலைப் பிடித்திராவிடின் குழாய் முறுக்குண்டு ஒடியும். றேடியேற்றரிற் செருகப்படும் புதிய துண்டின் புரிகளிலே, குழாய்த் தொழிலாளர் பயன்படுத்தும் வெள்ளை நாடாவைச் சுற்றி இறுக்குவர். குழாய்ப் பக்கத்திலே பித்தளை வளையம் ஒன்று இணைப்பைக் காக்கும். இறுதியாக நீரை நிரப்பி, துருவைத் தடுக்கும் மருந்தைச் சேர்த்து, றேடியேற்றர்களின் மேற்புறத் திருகால் காற்றை வெளியேற்றி, ஒழுக்கு உண்டா எனப் பார்த்தபின் தலைப்பகுதியைப் பூட்டுவர்.

கவனிக்கவேண்டியவை சில உள. வாங்குமுன் குழாயின் பருமனை அளத்தல் நன்று. பிரித்தானியாவில் 15 மில்லிமீற்றரே பொதுவழக்காயினும், பழைய வீடுகளில் வேறுபடுதலும் உண்டு. வால்வின் உடலிலே அம்புக்குறி இருப்பின், நீர் ஓடும் திசைக்கு ஏற்பப் பொருத்தல் வேண்டும். மாறிப் பொருத்தினால் வால்வு அதிர்ந்து ஓசை எழுப்பும். தலைப்பகுதியைத் திரைச்சீலை மறைப்பின், திரைக்குப் பின்னுள்ள வெப்பத்தை அறையின் வெப்பமென மயங்கி அது முன்கூட்டியே மூடிவிடும். சுவர் வெப்பநிலைநிறுத்தி உள்ள இடத்திலே இவ்வால்வைப் பொருத்தலாகாது. பொருத்தினால், வால்வு முந்தி மூடிக்கொள்ள, சுவரிலுள்ளது தனக்குரிய வெப்பத்தை எட்டாமல் கொதிகலத்தை ஓயாது இயக்கிக்கொண்டிருக்கும். எல்லா வால்வுகளும் ஒருங்கே மூடினால் பம்பிக்கு நீரோட்டம் அற்றுப்போகுமாதலால், நீர் திரும்பிச் செல்ல ஒரு வழி எப்போதும் திறந்திருத்தலும் வேண்டும். கோடையிலே தலைப்பகுதியை முற்றாகத் திறந்து விடுதல் நலம். அன்றேல் ஊசி இறுகிவிடும். மாரி தொடங்கியும் ஒரு றேடியேற்றர் குளிர்ந்தே இருக்குமாயின், பெரும்பாலும் இறுகிய ஊசியே காரணமாகும். தலையைக் கழற்றி ஊசியை மெல்ல அழுத்தி விடுவித்தால் போதும்.

கைப்பழக்கம் உள்ளவர்க்கு இது அரிய வேலையன்று. எனினும் கொதிகலத்தினுள்ளே கைவைத்தலோ எரிவாயுக் குழாயைத் தொடுதலோ கூடாது. அது பிரித்தானியாவிலே சட்டப்படி பதிவுபெற்றோர்க்கே உரிய தொழில்.

ஒரு வால்வால் வீட்டுச் செலவு முழுவதும் குறைந்துவிடாது. சுவரினூடும் யன்னலினூடும் ஒழுகும் வெப்பத்தை அது தடுக்காது. ஆயினும், ஆளில்லாத அறைக்கு வீணே செல்லும் வெப்பத்தை அது அடக்கும். கொதிகலம் இயங்கும் நேரத்தையும் சரிவர அமைத்தால், முதியவர் படுத்திருக்கும் அறைக்கு வேண்டிய வெப்பம் கிடைக்கும். மகனுடைய செலவுக்கு அஞ்சிப் போர்வைக்குள் ஒடுங்கும் தாய்க்கு, 3 என்னும் இலக்கத்தில் ஒருமுறை திருப்பிவைத்த அச்சிறு வால்வு, அவர் கேளாமலே வேண்டியதைக் கொடுத்துக்கொண்டிருக்கும்.