சர்க்கரை இறங்கியது, கண் ஏன் மங்கியது?

கண் ஆஸ்பத்திரி பெஞ்சில் வரிசையாக எல்லோரும் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார்கள். பாவையை விரிக்கும் சொட்டு மருந்து விட்டிருக்கிறது. "கண்ணைத் திறக்காதீங்க, இன்னொரு தடவை விடணும்" என்று சொல்லிக்கொண்டே நர்ஸ் வருவார். அந்த வரிசையில் அவ்வப்போது ஒருவர் கொஞ்சம் தெம்பாகவே காத்திருப்பார். ஆறு மாதம் முன்பு 11 ஆக இருந்த அவருடைய மூன்று மாத சராசரிச் சர்க்கரை, அதாவது எச்பிஏ1சி, இப்போது 7. இட்லியை எண்ணிச் சாப்பிட்டு, விடியற்காலையில் நடந்து, இன்சுலின் ஊசிமேல் இருந்த பயத்தையும் விட்டு இறக்கிய எண் அது. உள்ளே டாக்டர் விழித்திரையைப் பார்த்துவிட்டுச் சொல்வார்: "போன தடவையை விட ரத்தக்கசிவு கூடியிருக்கே."

"சர்க்கரைதான் கட்டுக்குள்ள வந்துடுச்சே டாக்டர்?"

நியாயமான கேள்வி. சுமார் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு ஆராய்ச்சியாளர்களையே கலங்கவைத்த கேள்வியும் இதுதான்.

நார்வே தலைநகர் ஆஸ்லோவில், இன்சுலினை நம்பி வாழும் 45 சர்க்கரை நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. சிலருக்கு இன்சுலின் பம்ப், சிலருக்கு ஒரே நாளில் பல ஊசிகள், மீதிப் பேருக்குப் பழைய முறை. பம்பும் பல ஊசிகளும் சர்க்கரையை மளமளவென்று இறக்கின. ஆனால் சில மாதங்களில் எடுத்த விழித்திரைப் படங்களில், நன்றாகக் கட்டுப்படுத்தியவர்களில் பாதிப் பேருக்குப் பஞ்சைக் கிள்ளி வைத்தது போன்ற வெள்ளைத் திட்டுகள். நுண்ணிய ரத்தக்குழாய் அடைபட்டு, அந்த இடத்து நரம்பிழைகள் மூச்சுத்திணறி வீங்கியதன் அடையாளம் அது. 1985இல் வெளியான அந்த ஆய்வு ஆறுதலான ஒரு செய்தியையும் சொன்னது: பெரும்பாலானவை தாமாகவே மறைந்துபோயின.

அதே காலத்தில் அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 பேரை வைத்து டிசிசிடி என்ற பேராய்வு ஓடிக்கொண்டிருந்தது. இவர்கள் எல்லோரும் முதல் வகைச் சர்க்கரை நோயாளிகள். முதல் ஓராண்டுக்குள் கண் மோசமானவர்கள், கறாராகக் கட்டுப்படுத்திய அணியில் 13.1 சதவீதம், வழக்கமான சிகிச்சை அணியில் 7.6 சதவீதம். அங்கேயே நிறுத்தியிருந்தால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கண்ணுக்குக் கெடுதல் என்ற முடிவுக்கு வந்திருப்பார்கள். நல்லவேளை, நிறுத்தவில்லை. போகப்போக வரைபடத்தில் இரண்டு அணிகளின் கோடுகளும் இடம் மாறின. 1993இல் ஆய்வை முடித்தபோது, தொடக்கத்தில் கண் பாதிப்பே இல்லாதவர்களிடம் புதிதாக அது வரும் ஆபத்தைக் கறாரான கட்டுப்பாடு 76 சதவீதம் குறைத்திருந்தது. ஏற்கெனவே பாதிப்பு இருந்தவர்களிடமும் அது முற்றும் வேகம் பாதிக்கு மேல் குறைந்தது. ஆரம்பத்தில் மோசமானவர்கள்கூட, வழக்கமான சிகிச்சையில் அப்படி மோசமாகாமல் இருந்தவர்களைவிடக் கடைசியில் தாழ்ந்துபோய்விடவில்லை.

ஏன் இந்த ஆரம்பத் தடுமாற்றம்? ஒரே காரணம் என்று யாரும் அடித்துச் சொல்வதில்லை. உடம்பிலேயே ஆக்சிஜனை அதிகம் தின்னும் திசுக்களில் விழித்திரையும் ஒன்று. சர்க்கரை ஏறிக்கிடந்த ஆண்டுகளில் அதன் நுண்குழாய்கள் பல அடைபட்டிருக்கும். மிச்சமிருப்பவற்றில் ரத்தம் கூடுதலாக ஓடி எப்படியோ சமாளித்திருக்கும். சர்க்கரை சட்டென்று இறங்கும்போது அந்தக் கூடுதல் ஓட்டமும் குறைகிறது. கடைமடை வயலுக்குத் தண்ணீர் எட்டாத கதைதான்.

இன்னொரு சந்தேகம் வளர்ச்சிக் காரணிகள்மேல் விழுகிறது. இன்சுலின் போதுமான அளவு கிடைக்கும்போது கல்லீரல் ஐஜிஎஃப்-1 என்ற பொருளைக் கூடுதலாகச் சுரக்கிறது. அது புதுக் குழாய்கள் முளைக்கத் துணைபோகிறது என்கிறார்கள். ஐஜிஎஃப்-1 சுரக்கத் தூண்டுவது பிட்யூட்டரி சுரப்பி என்பதால், இதற்குப் பழைய சாட்சி ஒன்றும் உண்டு. பிரசவத்துக்குப் பின் பிட்யூட்டரி சுரப்பி செயலிழந்த ஒரு பெண்ணுக்கு, சர்க்கரையால் வந்த கண் பாதிப்பு தானாகவே குறைந்ததை 1953இல் டென்மார்க் மருத்துவர் பவுல்சன் பதிவுசெய்தார். அதை நம்பிக் கண்ணைக் காப்பாற்ற பிட்யூட்டரியையே அகற்றிய காலமும் இருந்தது. லேசர் வந்ததும் அந்தக் கொடுமை ஒழிந்தது.

புது மருந்துகளிலும் இந்தக் கதை தொடர்கிறது. எடை குறைக்கவும் இப்போது பலர் கேட்டு வாங்கும் செமாக்ளுடைடை வைத்து 3,297 பேரிடம் நடந்த ஆய்வு 2016இல் வெளியானது. கண் சிக்கல்கள் மருந்து எடுத்தவர்களில் 3 சதவீதம், எடுக்காதவர்களில் 1.8. அப்படிச் சிக்கல் வந்தவர்களில் பெரும்பாலோர் முன்பே விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள். மருந்தைவிட, சர்க்கரை இறங்கிய வேகமே காரணமாக இருக்கலாம் என்பது பலரின் கருத்து.

ஆகவே கண் மங்குகிறதே என்று இன்சுலினை நிறுத்துவது தப்பான கணக்கு. ஆபத்து அதிகம் யாருக்கு என்பது தெரிந்ததுதான்: நெடுநாள் சர்க்கரை உள்ளவர், தொடக்கத்தில் எண் மிக உயரத்தில் இருந்தவர், விழித்திரையில் ஏற்கெனவே கோளாறு உள்ளவர். சர்க்கரையை மெதுவாக இறக்கலாமே என்று சிலர் சொல்வதுண்டு. அதனால் ஆபத்து குறைந்ததற்கான ஆதாரம் டிசிசிடியில் கிடைக்கவில்லை. உண்மையில் உதவுவது வரிசையை மாற்றுவதுதான். சிகிச்சையை முடுக்குவதற்கு முன்பே விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும். லேசரோ கண்ணுக்குள் போடும் ஊசியோ தேவைப்பட்டால் அதைத் தள்ளிப்போடக் கூடாது. பிறகு சில மாதங்களுக்கு ஒருமுறை பரிசோதனை. ரத்த அழுத்தத்தையும் கூடவே கவனிக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு இது இரட்டிப்பு அவசியம்; கர்ப்பமே கண் பாதிப்பைத் தூண்டக்கூடியது.

கண்முன் திடீரென்று கருநூல்கள் மிதந்தாலோ, திரை விழுந்தது போல ஒரு பக்கம் மறைந்தாலோ அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே போய்விடுங்கள். சாதாரணப் பரிசோதனைக்குப் போகும்போது கடைசி மூன்று எச்பிஏ1சி ரிப்போர்ட்டையும் கையோடு எடுத்துப்போய்க் கண் டாக்டரிடம் காட்டுங்கள். சொட்டு மருந்து விட்டபின் சில மணி நேரத்துக்குப் பார்வை தெளியாது. வண்டியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.